குதிகால் கோடு

என் கால்கள் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது. ஆனாலும் தொலைக்காட்சியில் வந்துவிட்டன.

கால்பந்து மேட்ச் ஃபிக்சிங் பற்றிய தொடர் அது. கோல்கீப்பராக நடித்தவருக்கு நிற்கவும் விழவும் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். கீப்பருக்கு முதுகில் கண் கிடையாது. அதனால் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு கம்பத்துக்கும் நடு எது என்று பார்த்து, புல்லில் குதிகாலால் ஒரு கோடு கீறிக்கொள்வார்கள். நடிகருக்கு அது படியவில்லை. "நீங்களே கீறுங்க சார், காலை மட்டும் எடுத்துக்கிறோம்" என்றார் இயக்குநர்.

என் தங்கை கணவனும் கீப்பர்தான், என்னிடம் பழகியவன். கோட்டை என்னைத்தான் கீறச் சொல்வான். "உங்க கால் ராசி மச்சான்" என்பான். தங்கமான பிள்ளை. ஏழு வருடம் முன்பு, லீக்கின் கடைசி ஆட்டத்தில் நாங்கள் தோற்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். மறுத்தால் என் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்றும் சொன்னார்கள். என் கையில் என்ன இருந்தது? மாப்பிள்ளையிடம் கேட்டால் செத்தாலும் மாட்டேன் என்பான். அவனை ஏன் தர்மசங்கடத்தில் விட வேண்டும்? கோட்டை ஒரு தப்படி இடப்பக்கம் தள்ளிக் கீறினேன். எங்கே அடிப்பது என்று எதிரணிக்குத் தெரிந்திருந்தது. முதல் பாதியிலேயே மூன்று கோல், மூன்றும் வலப்பக்கம்.

விசாரணைக் குழு என்னையும் கேட்டது. அவன் நின்ற இடம் தவறு என்றேன். அது உண்மைதானே. ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று அவனுக்கு ஆயுள் தடை போட்டார்கள்.

ஏழு வருடமாக மாப்பிள்ளை வாசலைத் தாண்டுவதில்லை. கூடத்தில் இரண்டு நாற்காலியை வைத்து நடுவில் நிற்கிறான், திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். தங்கை சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, நடு இன்னும் சரியா வரலை" என்பான்.

தொடரை அவர்கள் வீட்டில்தான் பார்த்தோம். திரையில் என் கால் வந்தது. இரண்டு கீறல், முனையால் ஒரு தட்டு, அது என் வழக்கம். காமிரா மெல்ல மேலே போய்க் கம்பங்களைக் காட்டியது. கோடு ஒரு தப்படி இடப்பக்கம் இருந்தது. ஏன் அப்படிக் கீறினேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

மாப்பிள்ளைதான் முதலில் சொன்னான். "கோடு தள்ளியிருக்கு மச்சான்."

தங்கை திரையிலிருந்து கண்ணை எடுத்து என் காலைப் பார்த்தாள். "அது உங்க கால்தானே அண்ணா?" என்றாள்.

அவள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவள் எழுதாத ஒன்று இருக்கிறது. அவள் கேட்ட பிறகும் மாப்பிள்ளை ஒரு சாக்குக்கட்டியை என் கையில் கொடுத்து, நாற்காலிகளுக்கு நடுவே கோடு போடச் சொன்னான். போட்டேன். இந்த முறை சரியாக நடுவில்தான் போட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.