வெளிநாட்டு பாட்டில்

மாமியார்: மெதுவாப் பேசு! என் பொண்ணு உள்ள குளிச்சிட்டிருக்கா.

மருமகள்: நான் எங்க அத்தை பேசினேன்? நீங்கதான்...

மாமியார்: சரி சரி. அந்த வெளிநாட்டு ஷாம்பு பாட்டில் எங்க?

மருமகள்: பாத்ரூம்லதான். நீங்கதானே எடுப்பாத் தெரியட்டும்னு கண்ணாடி பக்கத்துல வச்சீங்க?

மாமியார்: போச்சு! அதுல நான் தலைக்குப் போட்டுக்கற உன் ஷாம்புல்ல இருக்கு!

மருமகள்: நான் வீட்டுல தயாரிச்சுக் கடைகளுக்குப் போடறதையா? எந்த டப்பாவுல இருந்து ஊத்தினீங்க?

மாமியார்: பச்சை மூடி.

மருமகள்: ஐயோ, அது இன்னும் வடிகட்டலையே! செம்பருத்தி இலை திப்பி திப்பியா கிடக்குமே!

மாமியார்: எனக்கென்ன தெரியும்?

மருமகள்: அப்ப உங்க பொண்ணு வெளிநாட்டுல இருந்து அனுப்பினது?

மாமியார்: தலையில பட்டாலே அரிக்குது. உங்க மாமாவுக்கு ஸ்கூட்டர் கழுவக் குடுத்துட்டேன்.

மருமகள்: அதான் ஸ்கூட்டர் இந்த மினுக்கு மினுக்குதா!

மாமியார்: சிரிக்காதடி. பாவம், அவ்வளவு தூரத்துல இருந்து எனக்காக அனுப்பறா. தெரிஞ்சா மனசு விட்டுப் போயிடும்.

மருமகள்: சொல்லிடுங்க அத்தை. ஒண்ணும் ஆகாது.

மாமியார்: உனக்கென்ன தெரியும்? போன்ல பேசும்போதெல்லாம் ஆஹா ஓஹோன்னு அளந்து விட்டிருக்கேன்...

மகள்: அம்மா! இந்த பாட்டில் பம்ப்பு அடைச்சிருக்கு!

மாமியார்: செத்தேன்! ...அழுத்தாத கண்ணு! கதவைத் திற, வேற தரேன்!

மகள்: வேணாம்மா, ஹேர்பின்னால குத்தினேன், வந்துடுச்சு. அங்க எனக்கும் இப்படித்தான் அடைக்கும்.

மாமியார்: அப்பாடா, அவ கவனிக்கவே... இரு. என்னடி சொன்ன? அங்க உனக்கு எது அடைக்கும்?

மருமகள்: தண்ணி சத்தம் நின்னுடுச்சு அத்தை.

மாமியார்: வெளிய வாடி முதல்ல!

மகள்: வந்துட்டேன், வந்துட்டேன்... அம்மா, கோவிச்சுக்காத. நான் ரொம்ப நாளா அண்ணி ஷாம்புதான் போடறேன். அந்த ஊர்ச் சரக்கு எனக்கு ஒத்துக்கல.

மாமியார்: உனக்கே ஒத்துக்காததை எனக்கு எதுக்குடி அனுப்பின?

மகள்: நீதானேம்மா முடியே பளபளன்னு ஆயிடுச்சுன்னு புகழ்ந்த! ஆசையாப் போடறியேன்னு... நிறுத்த மனசு வரல.

மாமியார்: நானா? அதால ஸ்கூட்டர்தான்டி பளபளன்னு ஆயிடுச்சு!

மகள்: என்னது!

மாமியார்: அது கிடக்கட்டும். உனக்கு யாரு அனுப்பினா?

மகள்: அண்ணிதான். மாசாமாசம் பார்சல் வரும்.

மாமியார்: அடிப்பாவி மருமகளே! ரெண்டு பக்கமும் தெரிஞ்சுக்கிட்டு ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தியா?

மருமகள்: நான் என்ன அத்தை பண்ணட்டும்? யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு ரெண்டு பேருமே என் தலையில அடிச்சில்ல சத்தியம் வாங்கினீங்க!