நல்ல பேரு வேண்டாம்

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் கணவனும் இருந்தார்கள்.

“பிள்ளைக்கு நல்ல பேரு எதுவும் வைக்காதீங்க” என்றாள் அவள்.

“ஏட்டி, என்ன பேச்சு இது?”

“மூத்தது ரெண்டுக்கும் ஆசை ஆசையாத்தான பேரு வச்சோம். ஒண்ணும் தங்கலையே. இவனுக்குப் பிச்சைன்னு வைங்க. சாமிகிட்ட பிச்சை கேட்டு வாங்குன பிள்ளைன்னா எமன் தொட மாட்டான்.”

“பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவானுவ.”

“இந்தப் பேருல கலெக்டரே இருந்திருக்காக.”

“அது அந்தக் காலம்.”

“கேலி பண்ணட்டும். பள்ளிக்கூடம் போற அளவுக்கு இவன் வளரட்டும் மொதல்ல.”

அவன் ஊர் வரும்வரை கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும்போது குழந்தையைக் கையில் வாங்கி, “வா, பிச்சை” என்றான் மெதுவாக.