பஸ் வராத பக்கம்

டீயில சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேனுங்க சார். நம்ம வயசுக்கு அதுதான் நல்லது. பத்தலைன்னா சொல்லுங்க, எடுத்துட்டு வர்றேன்.

துபாய் தேராவுல கடையை விட்டுட்டு, ஸ்கூல் டிரஸ்ட் அனுப்பிச்சுதுன்னு ஷார்ஜா டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து வந்திருக்கீங்க. கலீலுர் ரஹ்மான் சார்தான் விசாரிக்க வர்றாருன்னு தெரிஞ்சதுமே எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், நல்லவேளை தமிழ் ஆளு, மனசு விட்டுப் பேசலாம்னு. மறைக்க என்னங்க இருக்குது? ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கற பழைய பில்டிங்குகள்ல இருந்து ஒரே வருஷத்துல முப்பத்தேழு பசங்க டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க, ஏன்னு கேக்கறீங்க. அங்க ஸ்கூல் பஸ் போகலை, அதனால போயிட்டாங்க. பஸ் ஏன் போகலைன்னா, போக வேண்டாம்னு நான் கோடு போட்டேன். அவ்வளவுதானுங்க.

நான் கோயமுத்தூர்ல சிவில் டிராஃப்டிங் படிச்சவ. இங்க வீட்டுக்காரர் விசாவுல வந்ததால வீட்டோட இருக்கேன். சும்மா இருக்கோமேன்னு பெத்தவங்க சங்கத்துல பஸ் கமிட்டிக்குச் செக்ரட்டரி ஆனேன். வேற யாரும் முன்னால வரலை. அந்த வேலைக்கு வாட்ஸ்அப்புல திட்டு வாங்கறதுதான் சம்பளம்.

நாங்க வந்த புதுசுல ஸ்கூலைச் சுத்தி வெறும் மணலுங்க. அப்புறம் ஆறு டவர் எந்திரிச்சுது. ஸ்விம்மிங் பூல், ஜிம், கீழ சூப்பர் மார்க்கெட். நாங்க மூணாவது டவர், பதினாலாவது மாடி. வீட்டுக்கு ரெண்டு குழந்தைன்னாலும் எத்தனை பசங்க ஆச்சு? ஸ்கூலுக்கு இருக்கறது பதினாலே பஸ். இதுக்கு மேல பஸ் வாங்க முடியாது, ஒரு எல்லை போடுங்க, எல்லைக்கு வெளிய இருக்கறவங்க அவங்கவங்க பிள்ளையை அவங்களே கொண்டு வந்து விடட்டும்னு உங்க டிரஸ்ட்தான் சொல்லுச்சு. இங்க பஸ் இல்லேன்னா ஸ்கூல் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும். ஆறு லேன் ஹைவேயை எந்தக் குழந்தை தாண்டும்?

கோட்டை ரெண்டு விதமாப் போடலாமுங்க. பழைய பில்டிங்குகளைச் சேர்த்துப் போட்டா, பஸ் ரெண்டு நடை அடிக்கணும். அப்ப எங்க டவருக்கு இருவது நிமிஷம் முன்னாடி வரும். சேர்க்காமப் போட்டா பஸ் வழக்கம்போல வரும். நான் ரெண்டாவதைப் போட்டேன். எம் பொண்ணு ஸ்வாதிக்குக் காலையில தூக்கம் ரொம்ப முக்கியமுங்க.

கமிட்டியில அப்படிச் சொல்ல முடியுமா? அதனால டைவர்சிட்டின்னு சொன்னேன். உங்க ஸ்கூல் புத்தகத்துல அட்டையிலயே அந்த வார்த்தை இருக்குது. டவர்ல எகிப்து, பிலிப்பைன்ஸ், நைஜீரியா, நேபாளம்னு பதினோரு தேசத்துப் பசங்க. அந்தப் பக்கம் யாரு? பாதி பரமக்குடி, பாதி மலப்புரம். அதுல என்னங்க டைவர்சிட்டி? ஒரு கலர் பென்சில்ல படம் போட்ட மாதிரி இருக்கும்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஏழை பாழைங்கற வார்த்தையை யாருமே எடுக்கலை, நாகரிகமா முடிஞ்சுது.

அந்த முப்பத்தேழுல முப்பத்தாறு பேர் முகம்கூட எனக்குத் தெரியாது. சத்தியமா யார் மேலயும் வன்மம் கிடையாது. மிச்சம் ஒருத்தி சந்தியா. அவளைப் பத்தித்தான கேக்க வந்தீங்க? உங்க பேனா அங்கதான் நிக்குது.

சந்தியாவோட அம்மா பஞ்சவர்ணம் எங்க வீட்டுக்குச் சமையலுக்கு வந்துட்டிருந்தா. பரமக்குடிக்காரி, குடியிருந்தது ஹைவேக்கு அந்தப் பக்கம். கைமணம் சொல்ல முடியாது, அவ வச்ச புளிக்குழம்பை எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் சொல்வார். புருஷன் ரெங்கராஜ் நம்ம ஸ்கூல் பஸ் ஓட்டறவர், ஒம்பதாம் நம்பர். கான்ட்ராக்ட் கம்பெனி ஆளுங்கறதால ஸ்கூல் சலுகை ஒண்ணும் கிடையாது. ரெண்டு பேரும் மாடா உழைச்சதே அந்தப் பொண்ணுக்காகத்தான். பத்தாவதை இங்கயே முடிக்கணும், அதுதான் அவங்க வீட்டுப் பேச்சே. சந்தியாவும் ஸ்வாதியும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு.

நான் அவளை ஒதுக்கி வச்சவ இல்லீங்க. தீபாவளிக்குப் புடவை எடுத்துக் குடுத்திருக்கேன். ஸ்வாதியோட பழைய பேக் எல்லாம் சந்தியாவுக்குத்தான் போகும். எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்துது, அந்தப் பெத்தவங்க மீட்டிங் வரைக்கும்.

மீட்டிங்ல நான் முன் வரிசைல எதிர் ஃபிளாட்டு ஆமிராகூட உக்காந்திருந்தேன். ஆமிரா கெய்ரோக்காரி, பேங்க்ல பெரிய வேலை. பஞ்சவர்ணம் நான் குடுத்த புடவையையே கட்டிட்டு நேரா வந்து, "அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க"ன்னு பக்கத்துல உக்காந்துட்டா. உக்காந்தவ சும்மா இருக்கலாமில்ல? "நம்ம சந்தியாதான்க்கா கிளாஸ்ல பர்ஸ்டு. ஸ்வாதிப் பாப்பா ரெண்டாவதாம். ரெண்டும் நம்ம பிள்ளைகதானக்கா"ன்னா. அவ சந்தோசத்துல சொன்னா, தப்பா ஒண்ணும் சொல்லலை. ஆமிராவுக்குத் தமிழ்ல நம்ம 'அக்கா' ஒண்ணு மட்டும் தெரியும், எங்கிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டது. அவ என்னையும் பார்த்து, அவளையும் பார்த்து, "உங்க தங்கச்சியா? அதே ஜாடை இருக்குதே"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா.

நம்ம ஊர்ல காய்க்காரியையும் அக்காம்பாங்க, கலெக்டர் சம்சாரத்தையும் அக்காம்பாங்க. அதை ஒரு கெய்ரோக்காரிக்கு எப்படிங்க விளக்கறது? நான் சிரிச்சேன். சிரிச்சேனே தவிர உடம்பெல்லாம் எரிஞ்சுது. எட்டு வருஷமா இந்த ஊர்ல ஒரு மரியாதை சேர்த்து வச்சிருந்தேன், ஒரே வார்த்தையில தூக்கிட்டுப் போயிட்டா.

அதுக்கு அடுத்த வாரம்தான் கோடு போட்டேன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. தேதி அப்படி அமைஞ்சு போச்சு.

கோடு போட்டப்புறம் சந்தியா நின்னுடுவான்னு நெனைச்சேன். நிக்கலை. ரெங்கராஜ் காலையில நாலரைக்கு டூட்டிக்குப் போறப்பவே பொண்ணையும் கூட்டிட்டுப் போய், காலி பஸ்ல கடைசி சீட்டுல தூங்க வச்சுடுவார். பஸ் ஊரெல்லாம் சுத்தி ஸ்கூலுக்கு வர்றப்ப எந்திரிச்சு, தலை வாரிட்டு இறங்கிடுவா. அப்படித் தூங்கியும் அவதான் பர்ஸ்டு. பஸ் கேமரா படத்தைக் கமிட்டி பாக்கணும்னு விதி. நான் விதிப்படி பார்த்தேன். அனுமதி இல்லாத பயணி ஒருத்தர்னு கம்பெனிக்கு எழுதினேன். பேரு எழுதலை, பாவமா இருந்துது. ரெங்கராஜுக்கு வார்னிங் லெட்டர் வந்துது. இன்னொரு தடவை நடந்தா வேலை கலாஸ்னுட்டாங்க. அப்புறம் அவர் ஓட்டற பஸ்ல அவர் பொண்ணு ஏற முடியலை. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?

அன்னிக்கு மத்தியானம் பஞ்சவர்ணம் சப்பாத்தி தேய்ச்சுட்டே அழுதா. "எவ கண்ணு பட்டுச்சோ தெரியலக்கா, எம்புள்ளைய இப்புடித் தொரத்துறாக"ன்னா. நான் தண்ணி குடுத்தேன். எல்லாம் சரியாப் போயிடும்னு சொன்னேன். எனக்கும் கண் கலங்குச்சு, பொய் சொல்லலை.

ஒரு மாசம் சந்தியா ஸ்கூலுக்கு வரவே இல்லை. அப்புறம் ஒரு நாள் ஸ்வாதி எங்கிட்ட ஓடி வந்தா. "மம்மி, ப்ளீஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்க, சந்தியா நம்ம டவருக்கே வந்துட்டா"ன்னா. எங்களுக்கு ரெண்டு மாடி கீழ சப்ரீனான்னு ஒரு இலங்கை நர்ஸ் ஃபிளாட். அதுல ஒரு ரூமைப் பலகை வச்சுத் தடுத்து இவங்களுக்கு விட்டிருக்கா. மூணு பேர் ஒரு கட்டில். எல்லைக்குள்ள வந்தாச்சு, பஸ் நிக்குது, பொண்ணு ஏறுது. எம் பொண்ணு மூஞ்சியில அத்தனை சந்தோசம், கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நானும் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

ஒரு ஃபிளாட்டுல ரெண்டு குடும்பம் இருக்கக்கூடாதுங்க. பலகை வச்சுத் தடுக்கறது சட்டப்படி குத்தம். தீப்பிடிச்சா என்ன ஆகும்? குழந்தை இருக்கற இடம். நான் முனிசிபாலிட்டிக்குப் போன் பண்ணுனேன். பேர் கேக்கலை, நானும் சொல்லலை. டவர் நம்பர், மாடி, ஃபிளாட் நம்பர், வீட்ல ஆள் இருக்கற நேரம், எல்லாம் சரியாச் சொன்னேன். எனக்கு எந்த வேலையும் அரைகுறையாச் செஞ்சு பழக்கமில்லை.

ஆபீசர்ங்க வந்து பலகையைப் பிரிச்சாங்க. சப்ரீனாவுக்கு அபராதம். இவங்க அன்னிக்கே காலி பண்ணணும். ஒம்பதாங்கிளாஸ் முழுப் பரிட்சைக்கு அஞ்சு வாரம் இருந்துது. எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்குதுன்னு ஸ்வாதி கெஞ்சினா. ஒரு ஃபிளாட்டுல ரெண்டு குடும்பம் இருக்கக்கூடாதும்மான்னு எடுத்துச் சொன்னேன். அதுக்கப்புறம் வேற வழி இல்லாம ரெங்கராஜ் பொண்டாட்டி பிள்ளை விசாவைக் கேன்சல் பண்ணி அவங்களை ஊருக்கு ஏத்தி விட்டுட்டார். போறப்ப பஞ்சவர்ணம் எனக்கு ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வச்சுட்டுப் போனா. ஊர்ல பரிட்சை எழுதாத பிள்ளையைப் பத்தாவதுல சேர்க்க மாட்டேன்னுட்டாங்களாம். சந்தியா மறுபடியும் ஒம்பதாவதுன்னு கேள்வி. இல்லை, பனியன் கம்பெனிக்குப் போறான்னும் சொல்றாங்க. நான் விசாரிக்கலை, மனசு கஷ்டப்படும்.

ரெங்கராஜ் இப்ப கம்பெனி லேபர் கேம்ப்ல, ஒரே ரூம்ல எட்டுப் பேரோட இருக்கார். பஸ் அதே ஒம்பதாம் நம்பர்தான். ஸ்வாதி அந்த பஸ்ல ஏறறதில்லை, வெயில்ல நடந்தே போறா. எங்கிட்டப் பேசறதும் கம்மி. பத்தாவது பாருங்க, படிப்புச் சுமை. இந்தத் தடவை அவதான் கிளாஸ்ல பர்ஸ்டு. ரேங்க் கார்டைக் காட்டவே இல்லை, நானா பேக்ல இருந்து எடுத்துப் பார்த்துக்கிட்டேன்.

எழுதிட்டீங்களா சார்? நான் செஞ்சதெல்லாம் இவ்வளவுதான். கோடு என்னுது, கம்பெனிக்கு எழுதினது நான், போன் பண்ணினதும் நான். கையெழுத்து வேணும்னாப் போட்டுத் தர்றேன்.

ஆனா எங்க நெலமையையும் நீங்க கொஞ்சம் பாக்கணுமுங்க. நாங்க இந்த மாசக் கடைசியில டவரைக் காலி பண்றோம். ஸ்கூல் பஸ் எல்லைக்குள்ள இருக்கற வீடுன்னு சொல்லிச் சொல்லியே ஓனருங்க வாடகையை ஏத்திட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கம்பெனியில வீட்டுப் படியை வேற பாதியா வெட்டிட்டாங்க. தேடித் தேடி, ஹைவேக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய பில்டிங்குலதான் கிடைச்சுது. பஸ் வராத பக்கம். ஸ்வாதி பத்தாவது, இந்த நேரத்துல எங்க கொண்டு போய்ச் சேர்ப்பேன்?

அதனால எல்லையை மாத்தச் சொல்லி டிரஸ்ட்டுக்கு ஒரு லெட்டர் வச்சிருக்கேன். இந்தாங்க. எங்க ஆமிராவே படிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. இது நான் எழுதினதில்லைங்க, உள்ளதைச் சொல்லிடறேன். கோடு போட்டப்ப சந்தியா கமிட்டிக்கு எழுதினது. செக்ரட்டரிங்கறதால எங்கிட்ட வந்துது. நான் ரெண்டு தடவை படிச்சுட்டு டிராயர்ல வச்சுட்டேன், கமிட்டி முன்னால வைக்கலை. அத்தனை அழகான இங்கிலீஷைத் தூக்கிப் போடவும் மனசு வரலை. இப்ப பேரையும் அப்பா வேலையையும் மட்டும் மாத்தியிருக்கேன்.

பொறுமையாப் படிச்சுப் பாருங்க சார். இதைப் படிச்சப்புறமும் ஒருத்தருக்கு மனசு இரங்கலைன்னா, அவங்கெல்லாம் மனுசங்களே இல்லீங்க.