அருள்ராஜாக நடித்தவர்

அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், நிஜாம் பாய். இதில் உட்காருங்கள். சத்வாவில் உள்ள உங்கள் கடைக்கு நூலும் பொத்தானும் வாங்க நான் இரண்டு முறை வந்திருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இந்த அரபு நாட்டில் ஊர்க்காரன் எவன் செத்தாலும் கூட நின்று காகிதங்களை முடித்து உடலை ஊருக்கு அனுப்பி வைக்கிறவர் என்று அப்போதே உங்களைப் பற்றிச் சொன்னார்கள். இப்போது எங்கள் தொழிலாளர் கேம்ப் சமையல்கட்டில் இறந்துபோன சோலையப்பனுக்காக வந்திருக்கிறீர்கள். அவர் சட்டைப்பையில் இருந்த போனில் ஒரே ஒரு ஊர் நம்பர்தான் இருந்தது. அந்தப் போனிலிருந்தே அதை அடித்தீர்கள். எடுத்த அம்மாள், "அருளு, சாப்டியாடா?" என்று கேட்டார். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டு அல் கூஸில் உள்ள இந்தக் கேம்புக்கு வண்டி எடுத்தீர்கள். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பிரபாவதி. வயது இருபத்தேழு. இந்தக் கம்பெனியின் கேம்ப் ஆபீசில் டூட்டி லிஸ்ட், லீவு, உடம்புக்கு முடியாதவர்கள் எழுதித் தருகிற சிக் சீட்டு எல்லாம் என் கையில்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதைச் சொன்னால் எல்லாரும் புன்னகை செய்கிறார்கள், ஏனென்று எனக்கு விளங்கியதில்லை. முதல் ஆள் என்றால் தவறு செய்யும்போது கேட்டுக்கொள்ள முன்னால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

சோலையண்ணன் நடிகர். சமையல்காரர் என்று காகிதத்தில் இருக்கும், அதை நம்பாதீர்கள். சிவகங்கைப் பக்கம் திருவிழா நாடகங்களில் பதினாறு வயதில் ஏறியவர். அன்றைக்கு எவன் வரவில்லையோ அவன் வேடம் இவருக்கு. வாயிற்காவலன், முனிவர், ஆள் கிடைக்காத ஊரில் ராணியின் தோழி. பிறகு சென்னை. முப்பத்தொரு படம். ஒன்றிலும் அவர் பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. தந்தி கொண்டுவருகிறவர், கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற டவாலி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டுகிற டாக்டர். ஒரு டிவி தொடரில் இரண்டு வருஷம் சுவரில் மாலை போட்ட போட்டோவாகவே இருந்தார். "மாசத்துக்கு ஒரு மாலை மாத்துவாங்க தாயி. உசுரோட இருக்கையில எவன் போட்டான்" என்பார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஐம்பது வயதில் வேடம் வருவது நின்றுபோக, ஏஜென்டைப் பிடித்து இங்கே வந்து பருப்பு கிண்டினார். கிண்டிக்கொண்டே எங்கள் போர்மேன் மாதிரி பேசுவார். சாப்பிட வந்தவர்கள் தட்டை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். போர்மேனுக்கே ஒருமுறை சிரிப்பு வந்தது.

"குரலப் புடிக்கக் கூடாது தாயி. ஆளப் புடிக்கணும். குரலு தன்னால வரும்." இது அவர் தொழில் ரகசியம். எல்லாரிடமும் சொல்வார்.

அருள்ராஜ் இந்தக் கேம்பில் இருந்த கட்டட வேலையாள், இருபத்து நான்கு வயது. அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா வடிவு, தங்கை அருணா. போன வருஷம் வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சைட்டில் பத்தரை மணிக்கு விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று காலையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அருணாவுக்குக் கல்யாணம்.

தாலி ஏறுகிற வரைக்கும் சாவை மறைப்பது நமக்குப் புதிதில்லை, பாய். நீங்களே எத்தனை வீட்டுக்குச் செய்திருப்பீர்கள். மறைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் அக்கா பானுமதிக்குப் பரிசம் போட்ட மூன்றாம் நாள் எங்கள் மாமா சவுதியில் இறந்தார். எவனோ ஒரு நல்லவன் உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் எழவுக்கு வந்தவர்கள் போல வந்து, பரிசத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண் வருகிற நேரம் சரியில்லையாம். அக்காவுக்கு முப்பத்து மூன்று ஆகிறது. இன்னும் ஆகவில்லை. அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பற்றி எனக்கு என்ன தோன்றுமோ அது எந்தக் காகிதத்திலும் எழுதக்கூடியதில்லை.

அருள்ராஜ் தினமும் வீட்டுக்குப் பேசுகிற பிள்ளை. செவ்வாய் சாயங்காலமே அவன் போன் என் மேசை டிராயருக்குள் அடிக்க ஆரம்பித்தது. பதினான்கு தடவை. பதினைந்தாவதற்கு நான் அதை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம வரைக்கும் நீங்க அருள்."

கரண்டியைக் கீழே வைத்தார். "பொணமா நடிச்சிருக்கேன் தாயி. பொணத்துக்காகப் பேசுனதில்ல. வேணாம், பாவம்."

"அந்தப் புள்ள கல்யாணம் நின்னா அது பாவமில்லையா?"

அடுப்பை அணைத்தார். பிறகு கேட்டார்: "அவன் ஆத்தாள என்னன்னு கூப்புடுவான்? அம்மாவா, எம்மோவா?"

அந்தக் கேள்வி வந்ததும் வேடத்தை வாங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அருள்ராஜின் பெட்டியிலிருந்து நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. போனில் யார் சட்டையைப் பார்க்கப் போகிறார்கள். குந்தி உட்கார்ந்து, அவன் செய்கிற மாதிரியே ஒரு முறை தொண்டையைக் கனைத்துவிட்டு, "எம்மோவ்" என்றார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பையனின் முகத்தை அடையாளம் காட்டிவிட்டு வந்திருந்தேன்.

ஐந்து நாளும் பேசினார். பந்திக்கு வாழைக்காய் போதுமா, பாயசத்துக்குச் சேமியாவா ஜவ்வரிசியா என்று சண்டை பிடித்தார். இங்கே வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச அரசாங்கத் தடை உண்டு என்று ஊருக்கே தெரியும், அதனால் யாரும் முகத்தைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டுகிற நேரத்துக்கு அருணா போனைத் திறந்து வைத்தாள். மேளச் சத்தத்தில் சோலையண்ணன் அழுதார். அருள்ராஜ் அழுதிருந்தால் எப்படி அழுவானோ அப்படி.

திங்கட்கிழமை சொல்லியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுவீடு முடியாமல் எப்படிச் சொல்வது. அது முடிந்ததும் ஆடி வந்தது, பெண் தாய்வீட்டுக்கு வந்தாள். அந்த நேரத்தில் சாவு என்றால் திரும்ப அழைத்துக்கொள்வார்களா? ஆடி முடிந்தது, அருணா முழுகாமல் இருந்தாள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். எந்த ஒன்றையாவது நீங்கள் தவறென்று சொல்லுங்கள், பார்ப்போம்.

கேம்பில் விஷயம் தெரிந்த தமிழ் ஆட்கள் ஆறு பேர். அவர்களைத் தூரத்துப் புஜைரா சைட்டுக்கு மாற்றினேன். டூட்டி லிஸ்ட் போடுகிறவள் நான்தானே. போகிற அன்று வருண் என்று ஒருத்தன் ஜன்னலில் வந்து, "எக்கா, செத்தவனுக்கு நீங்க லீவு குடுக்க மாட்டீங்க போல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். குடும்பத்தின் நம்பர் கேட்ட போலீஸுக்கும் தூதரகத்துக்கும் சோலையண்ணனின் நம்பரைக் கொடுத்தேன். அவர்களிடம் அருள்ராஜின் பெரியப்பாவாகப் பேசியவரும் அவர்தான். வீட்டுக்குப் பணம் என் சம்பளத்திலிருந்து போனது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

சவக்கிடங்கிலிருந்து மூன்றாவது கடிதம் புரட்டாசியில் வந்தது. உடலை எடுத்துப் போங்கள், அல்லது இங்கேயே எரிக்கக் குடும்பத்தின் சம்மதத்தைக் கொடுங்கள். நான் யோசித்துவிட்டு சோலையண்ணனுக்கு வசனம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வடிவு அம்மாவிடம் சொன்னார்: "எம்மோவ், லீவுக்கு வீட்லேர்ந்து ஒரு பேப்பர் கேக்குறாங்க. வெள்ளத்தாள்ல கீழ கையெழுத்து மட்டும் போட்டுக் கூரியர்ல அனுப்பு. மேல இங்க எழுதிக்குவாங்க."

"லீவு தர்றாங்களா? எப்படா வர்ற?"

"பேப்பர் வரட்டும், சொல்றேன்."

ஒன்பது நாளில் வந்தது. வடிவு என்று மூன்றெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தார். என் அம்மாவுக்கு அதுவும் வராது. அந்தக் கையெழுத்துக்கு மேலே, என் மகனின் உடலை அங்கேயே தகனம் செய்ய எனக்குப் பூரண சம்மதம் என்று நல்ல ஆங்கிலத்தில் டைப் செய்தேன். பிழை ஒன்றும் இல்லை.

சுடுகாட்டுக்கு நானும் சோலையண்ணனும் மட்டும் போனோம். அவர் அந்த நீலக் கட்டச் சட்டையில் வந்தார். சாம்பலை அவரே வாங்கிக்கொண்டு போய்க் கடலில் கரைத்தார். அடுத்த நாள் ஞாயிறு. வழக்கம்போல் பதினொரு மணிக்கு என் முன்னால் உட்கார்ந்து பேசினார். ஸ்பீக்கரில் வைக்கச் சொல்வது என் வழக்கம்.

"ஏன்டா குரலு கம்மிக் கெடக்கு? எழவு வீட்டுக்கு எதும் போனியா?"

"ஆமாம்மா. எங்க கேம்ப்ல ஒருத்தன் செத்துட்டான்."

"அட பாவமே. என்ன வயசு?"

"எம் வயசுதான்."

"யாரு பெத்த புள்ளையோ," என்றார் வடிவு அம்மா. "அந்த மகராசிக்குச் சொல்லிட்டாங்களா?"

சோலையண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "சொல்லிட்டாங்கம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேடம் கலையவில்லை. தாயி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். ஐம்பத்தெட்டு வயது மனிதர் என்னை அக்கா என்றார். சோலையப்பன் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அருள்ராஜின் கட்டிலில்தான் படுத்தார். பக்கத்துக் கட்டில் நேபாளி ரூம் மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்தான், காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. பகலில் சமையல்கட்டுப் பக்கம் போனால் எனக்கு அந்தக் கனைப்புச் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் அவர்தான். அவர்தான் என்று ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

தை மாதம் ஒருநாள் லீவு கேட்டு வந்தார். "எம்மோவப் பாக்கணும்க்கா. போய் வாசல்ல நிக்கணும். நின்னா அதுக்கே தெரிஞ்சிரும், நான் ஒண்ணும் சொல்ல வேணாம்." அருணாவுக்கு வளைகாப்பு நெருங்கியிருந்தது. லீவு இல்லை என்றேன். அவர் நிறைய வேடம் போட்ட மனிதர், ஆனால் பெயருள்ள வேடம் இது ஒன்றுதான். அதை அவரிடமிருந்து நான் பிடுங்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

இப்போது நீங்கள் கேட்ட காலைக்கு வருகிறேன், ஆனால் இந்தக் கடைசிக் காலையிலிருந்து தொடங்குகிறேன். முந்தாநாள், ஆறு மணி. பஸ் நின்றுகொண்டிருந்தது. இந்த ஜன்னலில் வந்து நின்றார். நீலக் கட்டச் சட்டை, கை நெஞ்சில்.

"எக்கா, நெஞ்சு ஒரு மாரி இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் ரூம்ல கெடக்கட்டுமா?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன், பாய். ஏனென்றால் வைகாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அருள்ராஜ் இதே ஜன்னலில் நின்று இதே வார்த்தைகளைத்தான் சொன்னான். அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. சமையல்கட்டில் அவன் சோலையண்ணனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அருள்ராஜுக்கு நான் சொன்ன பதில்: "நடிக்காத. டூட்டிக்குப் போ."

என் அப்பா இருபது வருஷம் இடுப்பு வலி என்று நடித்தார். அம்மா சித்தாள் வேலைக்குப் போய் எனக்குப் பீஸ் கட்டினாள். நெஞ்சில் கை வைத்து நிற்கிற ஆணைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். கல்யாணத்துக்காகச் சாவை மறைத்தேன் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் செத்த தேதியைச் சொன்னால் அன்று காலையைச் சொல்ல வேண்டும். காலையைச் சொன்னால் ஜன்னலைச் சொல்ல வேண்டும். அவன் எழுதிக் கொடுத்த சிக் சீட்டைக் கிழித்தது நான்தான்.

முந்தாநாள் சோலையண்ணனுக்கும் அதையேதான் சொன்னேன். நடிக்காத, டூட்டிக்குப் போ. பெரியவரை ஒருமையில் பேசியது தவறுதான். அவர் "சரிக்கா" என்று சமையல்கட்டுக்குப் போனார். பத்தரை மணிக்கு வந்து சொன்னார்கள்.

இரண்டையும் நான்தான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஒன்று பாருங்கள். அருணாவுக்கு இது ஒன்பதாம் மாதம். முதல் பிரசவம், ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இன்னும் மூன்றே வாரம். இன்றைக்கு ஞாயிறு, மணி பத்தே முக்கால். உங்களுக்கும் நல்ல கனமான குரல், பாய். முடியாது என்று தலையை ஆட்டாதீர்கள், சோலையண்ணனும் முதலில் அப்படித்தான் சொன்னார். ஒருமுறை தொண்டையைக் கனைத்துவிட்டு "எம்மோவ்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை எல்லாம் அந்த அம்மாவே பேசிக்கொள்வார்.