வாழப்பாடி மேட்டில் நின்ற லாரியும் நான் கழற்றிய ஒயரும்

பெயர்: வெள்ளியங்கிரி, வயது 41, த/பெ கருப்பண்ணன். தொழில்: லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர். முகவரி: குன்னங்காட்டுப்புதூர், நாமக்கல் தாலுகா, சேலம் மாவட்டம். நாள்: 18-6-1983, காலை 10 மணி.

நான் மேற்கண்ட ஊரில் என் மனைவி சௌந்திரத்துடன் குடியிருந்து வருகிறேன். பதினெட்டு வருடமாக லாரி ஓட்டி வருகிறேன். 16-ந் தேதி மாலை இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில், விபத்துக்குள்ளான என் லாரியில் கடைசியாக ரிப்பேர் வேலை செய்தவர் சேலம் ஒர்க்ஷாப் மெக்கானிக் கரீம் பாஷா என்று சொல்லியிருந்தேன். அது பொய். நடந்தது பின்வருமாறு.

சென்ற வாரம் என் லாரியின் என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் ஆயில் பேனில் ஒழுகல் இருந்தது. 11-ந் தேதி சனிக்கிழமை வண்டியைக் கரீம் பாஷாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "வேற ஒரு என்ஜின் பிரிச்சுக் கிடக்குது, புதன்கிழமை வாங்க, அதுவரைக்கும் நீங்க கை வெக்காதீங்க" என்றார். அங்கே வேறு டிரைவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் அப்படிச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதன் பிறகு ஊருக்கு வந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துக் கொட்டகையில் வண்டியை நிறுத்தி, நானே ஆயில் பேனைக் கழற்றிக் கழுவி, புது கேஸ்கெட் வைத்து, மறுபடி ஒழுகக் கூடாது என்று பசையை அளவுக்கு மேல் தடவி மாட்டினேன். வேறு யாரும் உடன் இல்லை.

அதன் பிறகு ஸ்டார்ட் செய்தபோது, ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் சிவப்பு லைட் அணையாமல் எரிந்தது. ஆயில் அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. பல்பை மாற்றினேன், அப்போதும் எரிந்தது. அதன் பிறகு என்ஜின் பக்கத்தில் உள்ள சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினேன். லைட் அணைந்தது. ஆகவே சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். எப்பேர்ப்பட்ட வண்டியிலும் அந்த ஒயரைக் கழற்றினால் லைட் அணையத்தான் செய்யும் என்பது இப்போது தெரிகிறது. மாலையில் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

14-ந் தேதி செவ்வாய்க்கிழமை ஆத்தூர்ப் பக்கம் மக்காச்சோளம் ஏற்றப் போனேன். என் மனைவியின் தம்பி கந்தவேல், வயது 33, குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர், அன்று தறிக்கு விடுமுறை என்பதால் உடன் வந்தார். லோடு ஏற்றித் திரும்பும்போது அவர் லைட்டைப் பார்த்து, "மாமா, செவப்பா எரியுதுங்களே" என்றார். சுவிட்ச் கோளாறு என்றேன். "எங்க தறியில நூலு அறுந்தா தறியே தானா நின்னு போயிருங்க. இது நிக்காதுங்களா?" என்று கேட்டார். "தறி ஓட்டறவனுக்கு லாரியப் பத்தி என்னடா தெரியும்" என்று சொன்னேன். சிறிது தூரம் போய் வண்டியை நிறுத்தி, அவர் பார்த்திருக்கும்போதே ஒயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பகல் சுமார் பன்னிரண்டு மணிக்கு, வாழப்பாடி தாண்டி மேடு ஏறும்போது என்ஜின் பிடித்துக்கொண்டு நின்றது. கை பிரேக்கை இழுத்தேன். அது லோடு தாங்காது என்பது எனக்கு முன்பே தெரியும். கந்தவேலை இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் போடச் சொன்னேன். அவர் "போட்டுட்டேனுங்க" என்று சொல்வதற்கு முன்பே நான் அவசரப்பட்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளி செல்ஃப் அடித்தேன். அதுவரை கியர் பிடிப்பில் நின்றிருந்த வண்டி பின்னால் உருண்டது. அவர் என்னைக் கூப்பிடவில்லை, "அக்கா" என்று கத்தினார். இடது காலில் சக்கரம் ஏறியது. பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி, அதில் அவரை சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தோம். மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

16-ந் தேதி மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து, உள்ளே பிதுங்கிய பசை ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்திருப்பதையும், ஒயர் கழற்றியிருப்பதையும் சொல்லி, யார் செய்த வேலை என்று கேட்டார். பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். கரீம் பாஷா என்று என் வாயில் வந்தது.

மறுநாள் காலையில் என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக கரீம் பாஷாவின் ஒர்க்ஷாப்புக்குப் போய், தெரு ஜனங்கள் பார்க்க மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டிருக்கிறாள். அவருடைய சம்சாரம் அமீனா பீவி வெளியே வந்து, என் மனைவியைக் கைப்பிடித்து உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாராம். இதை என் மனைவியே வந்து சொன்னாள். "தப்புப் பண்ணுனவங்க ஊட்டுத் தண்ணியக் குடிச்சுட்டு வந்துட்டனே" என்று அழுதாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் கையெழுத்துப் போட இங்கே வந்தபோது, கரீம் பாஷா விசாரணைக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் போகவில்லை. என்னைப் பார்த்து எழுந்து நின்று, "கந்தவேலுக்கு வலி கொறஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கந்தவேல் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "ஒயரக் கழட்டுனத நான் போலீஸ்ல சொல்லலீங்க மாமா. அக்கா தாங்க மாட்டா" என்றார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் அங்கே நிற்க முடியாமல் வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். இன்று காலை யாரும் கூப்பிடாமல் நானே இங்கு வந்தேன்.

கரீம் பாஷா என் வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது. என்னைக் காட்டிக்கொடுக்காத கந்தவேல் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் படித்துக் காட்டும்போது கரீம் பாஷாவும், வாசலில் நிற்கும் என் மனைவியும் உடன் இருக்க வேண்டும் என்று கேட்டேன். இருவரும் உள்ளே அழைக்கப்பட்டு, அவர்கள் முன்னிலையில் சத்தமாகப் படிக்கப்பட்டது. பாதியில் என் மனைவி என் பக்கத்திலிருந்து எழுந்துபோய், கரீம் பாஷா இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

எழுதியிருப்பது நான் சொன்னபடியே உள்ளது. என்னை யாரும் மிரட்டவில்லை. இதில் கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) க. வெள்ளியங்கிரி
என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது: உதவி ஆய்வாளர்