சீமையில் எடுத்த களை

எரியோடு ஊருக்குப் போகும் பேருந்து, நேரமாகியும் திண்டுக்கல் நிலையத்தை விட்டு நகரவில்லை. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவர், லண்டனில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியவராம்.

"அந்த அரண்மனையில செத்த நேரம் களை எடுத்தேன் மதினி," என்றார் அவர்.

நடத்துநரைத் திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"எந்த அரண்மனையில?"

"அந்தக் காலத்துத் துரை பங்களா. இப்ப டிக்கெட்டு வாங்கிட்டு உள்ள விடுறாய்ங்க. மகளும் மாப்ளையும் பங்களாவச் சுத்திப் பாக்கப் போயிட்டாக. நான் கால் வலிக்குதுன்னு தோட்டத்துல உக்காந்தேன். பாத்தி பூராம் களை. கை சும்மா இருக்குமா? ஒரு பாத்தியச் சுத்தமாக்கிப்புட்டேன்."

"நல்லதுதான செஞ்சீக?"

"தோட்டக்காரரு வந்து தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு. எங்கெங்க இருந்தோ கொண்டாந்து வளத்த செடியாம். மாப்ள இன்னமும் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல."

"அது களையில்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு போர்டாச்சும் வச்சிருக்கணும்ல?"

"செடிக்குச் செடி வச்சிருந்தாய்ங்க மதினி. அதையும் புடுங்கி ஓரமா அடுக்கிட்டேன்."