சரி, ரத்து

உங்கள் அலுவலகக் கதவில் 'தள்ளவும்' என்று கை அகல எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள் சார். வெளியே காத்திருந்த இருபது நிமிடத்தில் ஏழு பேர் அதைப் பிடித்து இழுத்தார்கள். அதில் ஒருவர் மூக்குக் கண்ணாடி வேறு போட்டிருந்தார். இழுத்துப் பார்த்தார், கதவைத் திட்டினார், மறுபடியும் இழுத்தார். இந்த ஜனங்களுக்காகத்தான் நான் பதினாறு வருடமாகத் திரையில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன்.

வக்கீலிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. காவல் நிலையத்திலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரி விட்டுப்போய்விட்டது. அதைச் சேர்க்க வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன்.

என் வேலை ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் மென்பொருள். அங்கே ஒன்பது மேசை, ஒன்பது பேர். விலாசம், வயது, என்ன தொந்தரவு என்று கேட்டு நிரப்புவார்கள். எஃப் எட்டு விசையை அழுத்தினால் வண்டிக்குத் தகவல் போகும். திரை நடுவில் 'அனுப்பப்பட்டது' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். என்டர் தட்டினால் அது மூடிக்கொள்ளும். பிறகு அடுத்த அழைப்பு.

அந்த ஒன்பது பேரில் மூத்தவரை எல்லோரும் மின்னலக்கா என்பார்கள். மவுசைத் தொடவே மாட்டார். எஃப் எட்டு, என்டர். எஃப் எட்டு, என்டர். கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும், கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைத் திறமை என்று சொல்லி மாலை போடாத குறைதான். என்னைக் கேட்டால், தூக்கத்தில் நடப்பவர்களுக்கும் அந்தத் திறமை உண்டு.

புதிய பதிப்பை அவர்களுக்குக் காட்டும் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. இரண்டு மாத உழைப்பு. நான் பேசி முடிப்பதற்குள் மின்னலக்கா எழுந்தார்.

"இதை யாருப்பா செஞ்சது? ஒரு வேலைக்கு நாலு பட்டனா? நீங்க ஒரு நாளாவது அந்த ஹெட்போனை மாட்டிப் பாத்திருக்கீங்களா தம்பி?"

சிரித்தார்கள். என் மேலாளர் சிரித்தார். டீ கொண்டுவந்தவர் விஷயம் புரியாமலே சிரித்தார். எனக்கு நாற்பத்து மூன்று வயது, நான் தம்பியாம்.

"எங்களுக்குப் படிக்க எல்லாம் நேரமில்லை தம்பி. பாக்காம அழுத்துற மாதிரி செஞ்சு குடுங்க. அவ்வளவுதான் கேக்குறோம்."

கேட்டதைச் செய்து கொடுத்தேன். இதில் என் குற்றம் என்ன என்று நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

புதிய பதிப்பில் ஒரு வசதி இருந்தது. ஒரு விபத்து என்றால் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், பத்து வண்டி போகக் கூடாதல்லவா. அதனால் ஒரே தெருவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இன்னொரு அழைப்பு வந்தால், 'இது முன்பே வந்த அழைப்பாக இருக்கலாம். ரத்து செய்யவா?' என்று ஒரு பெட்டி கேட்கும். முதலில் நான் செய்திருந்தது நல்ல பெட்டி. சிவப்பு நிறம், திரையின் மேல் ஓரம். ஒரு பட்டனில் 'ஆம், ரத்து செய்', மற்றதில் 'வேண்டாம், வண்டி போகட்டும்'. என்டர் தட்டினால் வண்டி போகும். பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

புதன்கிழமை உட்கார்ந்து அதை மாற்றினேன். பெட்டியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். அளவு, நிறம் எல்லாம் 'அனுப்பப்பட்டது' பெட்டியைப் போலவே வைத்தேன். பட்டன்கள் இரண்டு: 'சரி', 'ரத்து'. என்டர் தட்டினால் 'சரி', அதாவது வண்டி போகாது.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண் என் மேசைக்கு வந்தாள். "சார், ரத்து பண்ண வேணாம்னா ரத்தை அழுத்தணுமா? எனக்கே தலை சுத்துது."

"படிச்சா புரியும்மா," என்றேன்.

விளக்கக் கையேட்டிலும் எழுதினேன். முப்பத்தெட்டுப் பக்கத்தில் முப்பத்தொன்றாம் பக்கம். யாரும் திறக்க மாட்டார்கள் என்று தெரியும்.

திங்கட்கிழமை காலை புதிய பதிப்பு ஓடத் தொடங்கியது. என் மேசையிலிருந்தே பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டி மின்னலக்காவுக்கு முதல் இரண்டு முறை வந்தபோது, அவை நிஜமாகவே திரும்ப வந்த அழைப்புகள்தான். யாருக்கும் நஷ்டமில்லை. பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு மூன்றாவது. வயது ஒன்பது. மூச்சு விட முடியவில்லை. அதே தெருவில் முக்கால் மணி நேரத்துக்கு முன்பு யாரோ ஏணியிலிருந்து விழுந்திருந்தார். அதனால் பெட்டி வந்தது. மின்னலக்கா என்டர் தட்டினார். அரை நொடிகூட ஆகவில்லை, பதிவில் இருக்கிறது.

ஆறு நிமிடம் கழித்து அந்தப் பிள்ளையின் தாய் மறுபடி கூப்பிட்டாள். ஒரே எண் என்பதால் அதே மேசைக்குப் போனது. விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள்.

"வண்டி இன்னும் வரலீங்களே."

"கிளம்பியாச்சும்மா, வழியில இருக்கு. பயப்படாதீங்க. பிள்ளையை நிமிர்த்தி உக்கார வைங்க."

மூன்றாவது முறை கூப்பிட்டபோது அந்தத் தாய் வண்டி கேட்கவில்லை.

மின்னலக்கா அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாராம். அந்தக் கையை அன்றைக்கு அடக்கியிருக்கலாம்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏங்க, அந்த நேரம் நீங்க என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன் சார். அடுத்த கூட்டத்தில் காட்டச் சான்று வேண்டாமா. ரத்தான அழைப்பை இருபது நிமிடத்துக்குள் மீட்கலாம். கன்ட்ரோல், இசட். என் விசைப்பலகையிலிருந்தே முடியும், அந்த வசதியைச் செய்தவனே நான்தான். விரல் அங்கேதான் இருந்தது. அழுத்தினால் வண்டி போய்விடும், மின்னலக்கா தப்பே செய்யாதது போல ஆகிவிடும். அதனால் அழுத்தவில்லை. இருபதாவது நிமிடம் பதிவில் அந்த அழைப்பின் வரி சாம்பல் நிறமானது, இனி மீட்க முடியாது. பிள்ளை பிழைக்காது என்று தெரிந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவல் நிலையத்தில் இதை அப்படியே சொன்னேன். கடைசியில், 'ஆனாலும் என்டரை அழுத்தியது நானில்லை, மின்னலக்காதான்' என்ற வரியையும் சேர்க்கச் சொல்ல நினைத்திருந்தேன். தட்டச்சு செய்த காவலர் திரையை என் பக்கம் திருப்பினார். "படிச்சுப் பாத்துட்டு என்டர் அடிங்க சார்."

நடுவில் சின்னதாக ஏதோ ஒரு பெட்டி வந்தது. தட்டினேன். சேர்க்க ஏதுமில்லை, இதுவே முடிவு என்று வாக்குமூலம் பூட்டிக்கொண்டது.

"படிக்கலையா சார்?" என்றார் அவர்.

என்னைப் பார்த்து. அப்படி ஒரு பெட்டியை அந்த இடத்தில் வைத்தால் எவன்தான் படிப்பான்? அதைச் செய்தவன் யாரென்று முதலில் கண்டுபிடியுங்கள் சார். அவன்மேல்தான் வழக்குப் போட வேண்டும்.